பெட்டி ஒட்டிய ஊரில் முகமூடி

(விருதுநகரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நாடகம் பற்றிப் பேச அழைத்தால் நடிகரைப் பற்றிப் பேசுவார்கள், இல்லையென்றால் நாடகாசிரியரைப் பற்றிப் பேசுவார்கள். நான் இன்று பேச வந்திருப்பது திரைக்குப் பின்னால் பசைச்சட்டியோடு உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பற்றி. அட்டையில் வாள் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டுகிறவர், பழைய செய்தித்தாளில் அசுரன் தலை செய்கிறவர், மூங்கில் பிளாச்சில் மயில் கட்டுகிறவர். நாடக அறிவிப்பில் அவர் பெயர் கடைசி வரியில் வரும், பல நேரம் வராமலே போகும். அவர் குழந்தைகளோடு உட்கார்ந்தால் என்ன நடக்கும், குறிப்பாக நம்முடைய விருதுநகர், சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பகுதிக் குழந்தைகளோடு உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதுதான் என் பேச்சு.

நம் பகுதிக் குழந்தைகள் என்று தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. காகிதமும் பசையும் இங்கே விளையாட்டுப் பொருளாக இருந்ததில்லை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அதிலிருந்து தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்ற மூன்று தொழில்கள் இந்த வானம் பார்த்த கரிசலுக்குச் சோறு போட்டன. அந்த மூன்றையும் சேர்த்து வைத்த பொருள் காகிதம். தீப்பெட்டி ஆபீசில் அடிப்பெட்டி, மேல்பெட்டி. பயராபீசில், அதாவது பட்டாசு ஆலையில், குழாய் உருட்டுவது, சரம் பின்னுவது, லேபிள் ஒட்டுவது. இவற்றில் பாதியை வீட்டுத் திண்ணையில் வைத்தே செய்தார்கள். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்பது 144. அந்த 144-இல் பாட்டி எத்தனை, அம்மா எத்தனை, ஏழு வயதுப் பிள்ளை எத்தனை என்று எந்தக் கணக்கும் பிரித்துக் காட்டவில்லை.

விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் ஏஜெண்ட் அனுப்பிய பஸ் வந்து ஆரன் அடிக்க, தூங்கும் பிள்ளையைத் தோளில் தூக்கி ஏற்றிவிட்ட தாய்மார்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். சலம் பென்னூர்கர் சிவகாசியைப் பற்றி 1990-இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் அந்தக் காலத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காக எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்றது. சட்டம், சத்துணவு, பள்ளிகள், அதிகாரிகள், இயக்கங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாய்மார்களின் பிடிவாதம், எல்லாம் சேர்ந்து பிள்ளைகளை ஆபீசிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நகர்த்தின. இது இந்த மாவட்டத்தின் பெரிய வெற்றி. அதை நாம் உரக்கச் சொல்வதே இல்லை.

ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வந்த அந்தக் கைகளுக்கு நாம் என்ன கொடுத்தோம்? பேனா கொடுத்தோம். தேர்வு கொடுத்தோம். காகிதத்தைக் கிழிக்கவும் மடிக்கவும் ஒட்டவும் தலைமுறைகளாகப் பழகிய ஊர் இது. அந்தக் கைத்திறனைக் கூலியிலிருந்து பிரித்தெடுத்துக் குழந்தையின் சொந்த இன்பமாகத் திருப்பித் தர வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அதைத் திருப்பித் தரத் தகுந்த ஆள் நாடக மேடைக்குப் பொருள் செய்கிறவர்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இது புதிய யோசனையும் இல்லை. நம் பக்கத்து ஊரிலேயே நடந்திருக்கிறது. கோவில்பட்டி சி. கொண்டையராஜுவை இங்கே பலரும் அறிவீர்கள். 1898-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். சிறிது காலம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிகளுக்குச் சீன் எழுதப் போனார். தர்பார் சீன், காட்டு சீன், தெரு சீன் என்று படுதாக்களில் வரைந்துகொண்டே ஊர் ஊராகச் சென்றவர், 1940-களின் தொடக்கத்தில் கம்பெனி கலைந்தபோது கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவர் தனியாக இருக்கவில்லை. டி. எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி. எஸ். அருணாசலம், மு. சீனிவாசன் எனச் சீடர்கள் சுற்றி இருந்தார்கள். திருமணம் செய்துகொள்ளாத அந்த மனிதருக்கு அவர்கள்தான் குடும்பம். சீன் எழுதிய கைகள் காலண்டருக்குத் தெய்வங்களை எழுதின. சிவகாசி அச்சகங்கள் அவற்றை இந்தியா முழுவதும் கொண்டு சேர்த்தன.

அந்தக் காலண்டர் படங்களை இனிப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அம்மன் நிற்கும் இடத்தில் இருபுறமும் தூண், மேலே வளைவு, ஓரத்தில் கொசுவிக் கட்டிய பட்டுத்திரை, பின்னால் தொலைவில் சிறுத்துக்கொண்டே போகும் மண்டபம். அது நாடக மேடை. சீன் படுதாவில் ஆழம் காட்டக் கற்றவர் சாமி படத்திலும் அதே ஆழத்தைக் காட்டினார். ஸ்டீபன் இங்கிலிஸ் என்ற ஆய்வாளர் கொண்டையராஜுவின் கலையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நமக்கு இன்று வேண்டியது அவர் வாழ்க்கையின் ஒரு கூறு மட்டும். மேடைக்காகக் கற்ற கைத்தொழிலோடு ஒருவர் தீப்பெட்டி ஊரில் தங்கி, தன்னைச் சுற்றி இளைஞர்களைச் சேர்த்து, அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார். 1976-இல் அவர் மறைந்த பிறகும் அந்தச் சீடர்களின் தூரிகை நிற்கவில்லை. 

அதே கோவில்பட்டியிலிருந்துதான் ச. முருகபூபதியின் மணல்மகுடி நாடகக் குழுவும் இயங்குகிறது. நாடகப் பாடலாசிரியர் மதுரகவி பாஸ்கரதாஸின் பேரன் அவர். அவருடைய நாடகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே முகமூடியும் பொம்மையும் பழைய புழங்குபொருள்களும் நடிகருக்கு இணையாக நடிக்கும். குழந்தைகளுக்கும் அவர் நாடகப் பயிலரங்குகள் நடத்தியிருக்கிறார். கரிசல் மண்ணில் இதற்கு ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். கலை என்று பெயர் வைத்துவிட்டாலே குழந்தைக்கு நன்மை வந்துவிடாது. நம் நாடக வரலாறே அதற்குச் சாட்சி. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த டி. கே. சண்முகத்துக்கு ஆறு வயது. பாலர் கம்பெனிகள் பெரும் கலைஞர்களைத் தந்தன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் வீட்டைப் பிரிந்து, கம்பெனி வீட்டில் அடி வாங்கி, இரவெல்லாம் கண் விழித்து உழைத்தார்கள். பிரம்பு வாத்தியார் கையில் இருந்தாலும் ஏஜெண்ட் கையில் இருந்தாலும் வலி ஒன்றுதான்.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டவர் கட்டைக்கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால். தாமே பத்து வயதில் பள்ளியை விட்டுத் தந்தையின் கூத்துக் குழுவில் சேர்ந்தவர். அவரும் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலத்தை 2002-இல் தொடங்கினார்கள். பகலில் பள்ளிப் படிப்பு, அதோடு கூத்து. படிப்பா கூத்தா என்று ஒரு பிள்ளையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பெண் பிள்ளைகளும் வேடம் கட்டினார்கள். கூத்துக்கு உயிரே அந்தக் கட்டை அணிகள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் பதித்த கிரீடமும் புஜக்கட்டைகளும். எடை குறைந்த மரம், இரவு முழுக்க ஆடினாலும் தோள் தாங்கும். 2020 வரை அந்தக் குருகுலம் நடந்தது.

வெளிநாட்டிலும் இந்த வழியில் போனவர்கள் உண்டு. பீட்டர் ஷூமன் 1963-இல் நியூயார்க்கில் தொடங்கிய 'பிரெட் அண்ட் பப்பெட்' குழு, ஏழைக் குடியிருப்புக் குழந்தைகளோடு சேர்ந்து காகிதக் கூழில் ஆள் உயரத்தைத் தாண்டிய பொம்மைகளைச் செய்து தெருவில் கொண்டுபோனது. இங்கிலாந்தில் ஜான் ஃபாக்ஸும் சூ கில்லும் நண்பர்களோடு 1968-இல் தொடங்கிய 'வெல்ஃபேர் ஸ்டேட் இன்டர்நேஷனல்' நமக்கு இன்னும் நெருக்கமானது. அவர்கள் வாணவேடிக்கையும் நெருப்புச் சிற்பங்களும் செய்தவர்கள். 1983-இல் உல்வர்ஸ்டன் என்ற சிறிய ஊரில் மெல்லிய கம்புகளை வளைத்து, மெல்லிய தாளைப் பசையில் தோய்த்து ஒட்டி, வீட்டுக்கு வீடு விளக்கு செய்ய வைத்தார்கள். அந்த விளக்குகள் தெருவில் ஊர்வலம் போயின. ஆண்டுதோறும் அது அந்த ஊரின் திருவிழாவாகவே நிலைத்தது. 2006-இல் குழுவே கலைந்த பிறகும் ஊர் அதை விடவில்லை. ஒரு கலைத்திட்டம் நன்றாக நடந்ததா என்று அறிய இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவிலேயே தீக்குச்சியைக் குழந்தைக்கு விளையாட்டுப் பொருளாகத் தந்தவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். 1970-களின் பிற்பகுதியில் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனவர், சைக்கிள் வால்வ் டியூபைச் சிறு துண்டுகளாக வெட்டி, மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை அதில் செருகி முக்கோணமும் பிரமிடும் வீடும் செய்து காட்டினார். அந்தக் குச்சிகளில் நம் ஊர்க் குச்சிகளும் இருந்திருக்கும். இங்கே கட்டையில் தீக்குச்சி அடுக்கிய விரல்களுக்கு அந்த வடிவங்கள் தெரியாமலே போயிற்று என்பதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

இனி, நான் அருகிலிருந்து பார்த்த ஒரு பட்டறையைச் சொல்கிறேன். சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளி, கோடை விடுமுறை. நடத்தியவர் மேடைக்குப் பொருள் செய்து பிழைப்பவர். பெயர் சொல்வதை அவர் விரும்பமாட்டார். கொண்டுவந்தவை: அச்சகத்தில் வெட்டித் தள்ளிய ஓரத் துண்டுகள், பழைய தினசரி காலண்டர் அட்டைகள், குழாய் உருட்டும் பழுப்புத் தாள், செய்தித்தாள், மூங்கில் பிளாச்சு, மைதா. முதல் நாள் என்ன செய்யப் போகிறோம் என்று அவர் சொல்லவே இல்லை. பசை காய்ச்ச மட்டும் கற்றுக்கொடுத்தார். மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும், பிறகு கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிண்ட வேண்டும். பைண்டிங்காரர்கள் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கை வைக்கும் பசையில் ஒரு துளிகூடக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார்.

காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழிக்கச் சொன்னார். கிழித்த ஓரம் மெலிந்து படியும், வெட்டிய ஓரம் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு சுற்று செய்தித்தாள், அடுத்த சுற்று பழுப்புத் தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டினால் எந்த இடம் விட்டுப் போயிற்று என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒரு சுற்று காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டுக் கனமாக ஒட்டினால் உள்ளே ஈரம் நின்று பூசணம் பூக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்குக் காலையில் ஒட்டியது மதியச் சோற்றுக்குள் சலசலவென்று காய்ந்துவிடுகிறது.

சாயங்காலம் பேத்தியைத் தேடி ஒரு பாட்டி வந்தார். பேத்தி துண்டு துண்டாக எடுத்துப் பசை தடவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தவருக்குப் பொறுக்கவில்லை. "ஏ தாயி, ஒண்ணொண்ணாத் தடவுனா எப்ப முடிக்க?" என்று கீழே உட்கார்ந்தார். பத்துப் பதினைந்து துண்டுகளை எடுத்து விரலால் ஒரு தள்ளு. துண்டுகள் ஓரம் தெரிய விசிறியாக விரிந்தன. உள்ளங்கை ஓரத்தால் ஒரே இழுப்பு. அத்தனை ஓரத்திலும் சமமாகப் பசை. பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். எத்தனை ஆயிரம் குரோஸ் அந்த ஒரு இழுப்புக்குள் இருந்தது என்று அங்கிருந்த பெரியவர்களுக்குத் தெரியும். பட்டறைக்காரர் எழுந்து தன் இடத்தைப் பாட்டிக்குக் கொடுத்துவிட்டார். மறுநாளும் பாட்டி வந்தார், யாரும் கூப்பிடாமலே. செய்துகொண்டிருந்த பூதத்தின் தலையை உற்றுப் பார்த்துவிட்டு, "காதுல பாம்படம் வேணும்ல" என்றார். காலண்டர் அட்டையில் இரண்டு பாம்படம் அவரே செய்தார். பெட்டி ஒட்டிய காலத்தில் தனக்கு வேண்டிய உருவத்தில் ஒரு பெட்டிகூட அவர் செய்திருக்க முடியாது.

அது என்ன பூதம் தெரியுமா? மழைப்பூதம். பிள்ளைகளே கூடிப் பேசி முடிவெடுத்தது. கரிசல் காட்டுப் பிள்ளைகள் மழையைத்தான் கேட்பார்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன். ஒரு பையன் வேறு காரணம் சொன்னான்: "மழை பெஞ்சா அப்பா வீட்ல இருப்பாரு." மழை நாளில் பட்டாசு காயாது, பயராபீஸ் வேலை இருக்காது. அன்று கூலியும் கிடையாது, ஆனால் அன்று வீட்டில் பயமும் கிடையாது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் அச்சங்குளத்திலும் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்துகளைப் பற்றி இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. நம்மிடம் வரும் பல கலைத்திட்டங்கள் குழந்தைகளிடம் அவர்களுடைய துயரத்தைக் கேட்டு வாங்குகின்றன. விழிப்புணர்வு நாடகம் என்று பெயர். விபத்தில் தகப்பனை இழந்த பிள்ளையை விபத்துக் காட்சியில் நடிக்க வைக்கிறார்கள், விருந்தினர்கள் கண் கலங்குகிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள். இதைச் செய்யாதீர்கள். அந்த முதலிப்பட்டியை நாடகமாக்கச் சொல்லி யாராவது கேட்டிருந்தால் அந்தப் பையன் வாய் திறந்திருக்க மாட்டான். பூதத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தபோது தானாகச் சொன்னான். சொல்லிவிட்டு மூக்கை ஒட்டப் போய்விட்டான். அதற்கு மேல் எவரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்காததுதான் சரி.

ஓவியர், பாட்டுக்காரர், இயக்குநர் எல்லோரும் இருக்க ஏன் மேடைப்பொருள் செய்பவர் என்று கேட்கலாம். அவர் தொழிலில் ஒரு பெரிய தலைக்கு முப்பது கை தேவைப்படும். வரையத் தெரியாத பிள்ளைக்கும் அதில் வேலை உண்டு. கிழிப்பவள், காய்ச்சுபவன், வெயிலில் திருப்பி வைப்பவன், காகம் கொத்தாமல் காவலிருப்பவள். முதல் மதிப்பெண் என்று ஒன்று அங்கே இருக்க முடியாது. பேசக் கூச்சப்படும் பிள்ளை அந்தத் தலைக்குள் புகுந்துகொண்டால் தெரு முழுக்கத் துணிந்து நடக்கும். பொருளுக்குச் செலவும் அநேகமாக இல்லை. மேடைப்பொருள் செய்பவர் வாழ்நாளெல்லாம் கழிவிலிருந்தே கிரீடம் செய்து பழகியவர். அதோடு, திருவிழாச் சப்பரமும் பொய்க்கால் குதிரையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு பெரிய உருவம் தெருவில் வருவது அந்நியமான காரியமே இல்லை.

அரசு 2022-23 முதல் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறது. நல்ல காரியம், மனமார வரவேற்கிறேன். கிராமத்துப் பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள். ஆனால் அது போட்டி. வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று வடிகட்டி வடிகட்டி மேலே போகிறது, கீழே நிற்கும் பிள்ளைக்குக் கைதட்டும் வேலைதான் மிஞ்சுகிறது. கலைத் திருவிழாவோடு ஒவ்வொரு பள்ளியிலும் ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்காக ஓர் உருவம் செய்யட்டும். பரிசு வேண்டாம். 2012-இல் 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலைக்கு எடுத்தார்கள். ஓவிய ஆசிரியர்கள் அவர்களில் ஒரு பகுதியினர். நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் போராடாத ஆண்டில்லை. பகுதிநேர வேலையில் யாராலும் சுற்றுச் சுற்றாகக் காகிதம் ஒட்டிக் காயவைத்து ஓர் உருவத்தை முடிக்க முடியாது. அவர்களை முழுநேரமாக்குங்கள் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். வெளியிலிருந்து வரும் கைவினைஞருக்கும் சால்வை போர்த்தி அனுப்பிவிடாமல் ஒரு கொத்தனாருக்குத் தரும் நாள்கூலியாவது தாருங்கள்.

கடைசியாக, சிவகாசியிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அச்சக உரிமையாளர்களுக்கு என் வேண்டுகோள். உங்கள் வெட்டு இயந்திரத்தின் அடியில் தினமும் குவியும் ஓரத் துண்டுகளை எடைக்குப் போடுகிறீர்கள். பழைய ஆண்டுக் காலண்டர் அட்டைகளும் அதோடு போகின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஆடிப் பதினெட்டு அன்று புதிய காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுகிறீர்கள் அல்லவா? வருகிற ஆடிப் பதினெட்டு முதல், மாதம் ஒரு மூட்டை துண்டுத் தாளும் ஒரு கட்டு அட்டையும் உங்கள் அச்சகத்துக்குப் பக்கத்திலுள்ள அரசுப் பள்ளிக்கு அனுப்பி வையுங்கள். மைதாவுக்கு நாங்கள் ஏற்பாடு செய்துகொள்கிறோம்.